இறங்காத கொடி

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் ரயிலை நிறுத்தியவர்கள் உண்டு. லாரியை நிறுத்தியவர்கள் உண்டு. ஆலையையே மூன்று மாதம் நிறுத்தி வைத்தவர்களும் உண்டு. ஆனால் ஒரு முறை தூக்கிய கொடியை, எதிரே ஓடுவது நிற்கும்வரை, யார் சொல்லியும் எதற்காகவும் இறக்காத மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். ஊரில் அவரைக் கேட்டுக்காரர் என்பார்கள். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ரயில்வே சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதாகத் தெரியவில்லை.

வார நாட்களில் அவர் ஊருக்கு வடக்கே இருந்த ரயில்வே கேட்டைத் திறந்து மூடுபவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கால்பந்துப் போட்டிகளில் லைன்ஸ்மேன். அந்தப் போட்டிகளின் நடுவர் நான்.

என்னைப் பற்றியும் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்தவன். எழுபதுகளில் தொழிற்பேட்டை தலையெடுத்துக்கொண்டிருந்தபோது, நடுவர் சான்றிதழ் வைத்திருப்பவனுக்கு இரும்பு உருட்டாலை ஒன்றில் வேலை கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதினேன். வேலை கிடைத்தது. வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் தற்காலிகக் குமாஸ்தா. கூடவே வாரம் ஒரு முறை உயிர்ப் பயமும் கிடைத்தது.

எங்கள் மைதானம் கோடையில் வற்றிய ஏரி. வேலி கிடையாது. சுண்ணாம்புக் கோட்டில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு ஜனங்கள் நிற்பார்கள். ஒவ்வோர் ஆலைக்கும் ஓர் அணி, ஒவ்வோர் அணிக்கும் ஒரு லாரி நிறைய ஆட்கள். கையில் குடையோ, சவுக்குக் கட்டையோ, சைக்கிள் பம்போ இருக்கும். வெயிலுக்குக் குடை சரி. பம்பு எதற்கு என்று நான் கேட்டுக்கொண்டதில்லை.

மைதானத்துக்குப் போனதும் நடுவர் முதலில் கோல் கம்பத்தையும் பந்தின் காற்றையும் சோதிக்க வேண்டும் என்று விதிப்புத்தகம் சொல்லும். நான் முதலில் சோதித்தது என் சைக்கிளை. வேலிகாத்தான் மரத்தடியில், முன்சக்கரம் சாலையைப் பார்த்தபடி, பூட்டுப் போடாமல், பெடல் ஒன்று மேலே இருக்கும்படி நிறுத்துவேன். கடைசி விசில் ஊதிய இடத்திலிருந்து மரத்தடிக்கு எத்தனை தப்படி என்பது எந்நேரமும் என் மனதில் ஓடிக்கொண்டிருக்கும். விசிலை வாயில் வைத்தால் பல்லும் விசிலும் மோதுகிற சத்தம் எனக்கு மட்டும் கேட்கும்.

என் இரண்டு லைன்ஸ்மேன்களில் ஒருவர் பள்ளிக்கூட ட்ரில் மாஸ்டர். அவர் தாமாகக் கொடியைத் தூக்கி நான் பார்த்ததில்லை. பந்து அவர் கால்களுக்கிடையே புகுந்து வெளியே போனாலும் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார். நான் எந்தப் பக்கம் கை காட்டுகிறேனோ அந்தப் பக்கம் அவர் கொடி சாயும். "நீங்க இன்னா சொல்றீங்களோ அதான் சார் நம்ம டிசிஷனும்" என்பார். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது அவருடைய பஸ் வந்துவிடும். எந்த ஊர் பஸ் என்று கேட்டால் வாரத்துக்கு ஓர் ஊர் சொல்வார்.

இப்படிப்பட்டவர் இருவர் கிடைத்திருந்தால் நானும் நிம்மதியாகக் காலம் தள்ளியிருப்பேன். ஒரு நாள் இன்னொரு லைன்ஸ்மேனுக்குக் காய்ச்சல். கொடி பிடிக்கத் தெரிந்த ஆள் யாராவது உண்டா என்று விசாரித்தோம். ஊரே ஒரு குரலில் ரயில்வே கேட்டைக் காட்டியது. நாங்களும் போய்க் கூப்பிட்டோம். கொடி என்றால் எல்லாம் ஒரே கொடிதான் என்று நினைத்தது நாங்கள் செய்த தவறு.

காக்கிச் சட்டை, காக்கி அரை டவுசர், பித்தளைப் பொத்தான் சகிதம் வந்தார். கக்கத்தில் சிவப்பு ஒன்றும் பச்சை ஒன்றுமாகச் சுருட்டிய இரண்டு கொடிகள். நான் கொடுத்த மஞ்சள் கொடியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா சார் இது மஞ்சளு? மஞ்சளுக்கு ஜாக்ரதையாப் போன்னு அர்த்தம். இத்தப் பாத்து எவன் நிப்பான்?"

சிவப்புக் கொடியையே வைத்துக்கொண்டார். ஆட்டம் தொடங்கிக் கால் மணியில் ஓர் ஆஃப்சைடு. சரியாகத்தான் தூக்கினார். ஆனால் பந்து நேராக எதிர் அணியின் கோல்காப்பாளர் கைக்கே போய்விட்டதால் ஊதத் தேவையில்லை என்று முடிவு செய்து, கொடியை இறக்கும்படி அவருக்குச் சைகை காட்டினேன். எந்த லைன்ஸ்மேனும் இறக்கிவிடுவார். இவர் இறக்கவில்லை. பந்து மறுகோடிக்குப் போயிற்று. நாங்களும் போனோம். அவர் மட்டும் அதே இடத்தில், அதே கோணத்தில், கையை உயர்த்தியபடி நின்றார். அங்கே ரசாயன ஆலை அணி ஒரு கோல் போட்டது. கோல் வாங்கிய அணி மொத்தமும் திரும்பி, நூறு கெஜத்துக்கு அப்பால் தனியாக நின்ற சிவப்புக் கொடியைக் காட்டியது. கொடி மேலே இருக்கும்போது கோல் எப்படிச் செல்லும் என்று கேட்டது. எனக்குப் பதில் தெரியும். ஆனால் கேட்டவர்கள் பதினொரு பேர். கோல் செல்லாது என்று கை காட்டிவிட்டேன்.

ரசாயன ஆலைக்காரர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். பம்பு எதற்கு என்று அன்று தெரிந்துகொண்டேன்.

தோளைத் தேய்த்துக்கொண்டே ஆட்டத்துக்குப் பிறகு அவரிடம் கேட்டேன்.

"அண்ணே, நான்தான் கையைக் காட்டினேனே, எறக்குங்கன்னு?"

"வண்டி நின்னுச்சா?"

"எந்த வண்டி?"

"நீதான் ஊதலியே சார். அவனுங்க பாட்டுக்கு ஓடிக்கினேதான கீறானுங்க. நிக்காத வண்டிக்கு எப்படி எறக்கறது? எறக்கினா லைன் கிளியருன்னு நெனச்சிக்குவான் ட்ரைவரு. அப்பால எவன் ஊட்டுக்கு நான் பதில் சொல்றது?"

அவரை உடனே நீக்கிவிட்டிருக்க வேண்டும். முடியவில்லை. தோற்ற அணிகள் எல்லாம் அடுத்த முறை அவர்தான் வேண்டும் என்று கேட்கத் தொடங்கின. அவரை யாருக்கும் பிடிக்காது. எல்லோருக்கும் ஒரே அளவில் பிடிக்காததால் எதிரி அணிக்கும் பிடிக்காது என்ற நம்பிக்கை இரு தரப்புக்கும் இருந்தது.

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றுக்கு ஒரு முறை போனோம். மைதானம் முழுக்க மணல். பார்வையாளர் பாதிப் பேர் படகிலிருந்து நேராக வந்தவர்கள், படகு தள்ளும் நீண்ட கோலோடு. நான் பார்த்த மைதானங்களில் என் சைக்கிளை நிறுத்தவே வழியில்லாத மைதானம் அது ஒன்றுதான். படகில்தான் வந்தோம், படகில்தான் திரும்ப வேண்டும். படகோ அவர்களுடையது. ஆட்டம் தொடங்கும் முன்பே படகுத்துறைக்குத் தப்படி எண்ணிவிட்டேன். கேட்டுக்காரரைத் தனியே அழைத்து, "அண்ணே, சுத்தியும் தண்ணி. பாத்துக்கோங்க" என்றேன். "பாக்கத்தான சார் வந்துகீறேன்" என்றார்.

குப்பத்து அணி போட்ட முதல் கோலுக்கே கொடி ஏறியது. படகுக் கோலோடு ஒருவர் கேட்டுக்காரரிடம் வந்தார். அந்தக் கோல் அவருக்குப் பல்குச்சி போலத் தெரியும் அளவுக்குப் பெரிய உருவம்.

"கொடிய எறக்குறியா, கைய எறக்கட்டுமா?"

கேட்டுக்காரர் சற்று யோசித்தார். பிறகு கொடியை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றி, முன்னிலும் உயரமாகப் பிடித்துக்கொண்டு, காலியான வலக்கையை அவர் முன் நீட்டினார்.

"இந்தா, இத்த எறக்கிக்கோ. அந்தக் கையி டூட்டில கீது."

நான் கண்களை மூடிக்கொண்டேன். அடி விழும் சத்தத்துக்குப் பதிலாகச் சிரிப்புக் கேட்டது. அந்தப் பெரிய உருவம் குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தது. திரும்பும்போது படகில் எங்களுக்கு ஒரு கூடை இறால் வைத்தார்கள். வீடு வரும்வரை நான் அந்த இறாலைத் தொடவில்லை. அவரோ சுருட்டிய சிவப்புக் கொடியில் கூடையை மாட்டித் தோளில் போட்டுக்கொண்டு, ஐந்தரை பாசஞ்சர் லேட் என்று குறைபட்டுக்கொண்டே நடந்தார். பயம் என்ற ஒன்றை இந்த ஆளுக்கு வைக்க மறந்துவிட்டார்கள் என்று அன்று நான் தீர்மானித்தேன்.

எங்கள் ஆலை மேனேஜருக்கும் அவரைத் தெரியும். ஒரு முறை மேனேஜரின் ஜீப் கேட்டில் மாட்டிக்கொண்டது. கூட்ஸ் வண்டி ஒன்று வருவதாகச் சேதி வந்து, கேட்டு மூடியாயிற்று, வண்டி வரவில்லை. மேனேஜர் இறங்கி வந்து, ஒரு நிமிடம் திறந்துவிட்டால் போய்விடலாம் என்றார். மாட்டேன் என்றார் இவர்.

"நான் யார் தெரியுமா?"

"தெரியாது சார். வர்ற வண்டிக்கும் தெரியாது."

இருபத்தைந்து நிமிடம் மேனேஜர் வெயிலில் நின்றார். சென்னையில் முதலாளியோடு அன்று அவருக்கு மத்தியானச் சாப்பாடு. அவர் போய்ச் சேர்ந்தபோது முதலாளி கை கழுவிவிட்டாராம்.

இந்த மேனேஜர்தான் ஆலையின் பெயரில் ஒரு கோப்பை வைத்தார். கோப்பையை வைத்தவர்களே அதை வெல்ல வேண்டும் என்பது அவருடைய எண்ணம். இறுதி ஆட்டத்துக்கு எங்கள் ஆலை அணி வந்தது, எதிரே அந்தக் குப்பத்து அணி. வெள்ளிக்கிழமை மேனேஜர் என்னைத் தமது அறைக்கு அழைத்தார். உட்காரச் சொன்னார். அதிலேயே எனக்கு வியர்த்துவிட்டது.

"நீ நியாயமா ஊது. அதுல நான் தலையிட மாட்டேன். உன்னை நிரந்தரமாக்கற பேப்பர் என் மேஜை மேலதான் இருக்கு. திங்கக்கிழமை கையெழுத்துப் போடலாம்னு இருக்கேன். ஞாயித்துக்கிழமை முடியட்டுமேன்னு பாக்கறேன். என்ன?"

"சரிங்க சார்."

"அந்த கேட்மேன் வர வேணாம்."

ஆனால் குப்பத்திலிருந்து ஏற்கெனவே சேதி வந்திருந்தது. அந்தச் சிவப்புக் கொடிக்காரர் வந்தால்தான் படகு கிளம்பும், இல்லாவிட்டால் கோப்பையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று. எதிரணி இல்லாமல் கோப்பை வாங்குவது மேனேஜருக்கும் அசிங்கம். சம்மதித்தார். ஆனால் பேப்பர் மேஜை மேலேயே இருந்தது.

வீட்டில் என் மனைவிக்கு ஏழாம் மாதம். நிரந்தரமானால் ஆலைக் குடியிருப்பில் ஓர் அறையும் சமையல்கட்டும் கிடைக்கும். இல்லையென்றால் எந்தத் திங்கட்கிழமையும் என் கடைசித் திங்கட்கிழமையாக இருக்கலாம். சனிக்கிழமை காலை கேட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். கேட்டுக்காரர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

"நீ சொல்றது நாயம்தான் சார். ஊட்ல மாசமா வேற கீறாங்க. நான் பாத்து நடந்துக்கறேன்."

"பாத்துன்னா எப்படிண்ணே?"

"கண்ணுல படலன்னா தூக்க மாட்டேன்."

"பட்டுட்டா?"

டீ கிளாஸை இரண்டு முறை சுழற்றினார். "படக் கூடாதுன்னு பெரியபாளையத்து அம்மனை வேண்டிக்கிறேன் சார். எனுக்கு வேற இன்னா வழி கீது சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை ஏரி நிரம்பி வழிந்தது, ஜனங்களால். ஒரு பக்கம் ஷாமியானா, அதில் மேனேஜர், அவருக்கு முன்னால் மேஜை, மேஜையில் கோப்பை. மறுபக்கம் குப்பத்து ஜனம், படகுக் கோல்களோடு. நான் சைக்கிளைக் கூடுதலாகப் பத்துத் தப்படி சாலைக்கு அருகில் நிறுத்தினேன்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. முடிய ஐந்து நிமிடம். எங்கள் ஆலைக்கு ஒரு கார்னர். எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன் கிரேன் ஓட்டுபவன். அவனையும் கிரேன் என்றே அழைப்பார்கள். அவன் எம்பினான். தலைக்கு எட்டாத பந்தை, பரணிலிருந்து டப்பாவை எடுப்பது போல, வலக்கையால் தட்டி உள்ளே அனுப்பினான். எனக்கும் அவனுக்கும் நடுவே பத்து கெஜம். யாரும் மறைக்கவில்லை. நான் பார்த்தேன்.

ஷாமியானாவில் மேனேஜர் எழுந்து கை தட்டினார். என் வாய் விசிலை ஊதியது, என் கை நடுக்கோட்டைக் காட்டியது. கோல். இரண்டையும் நான்தான் செய்தேன் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

திரும்பினேன். கொடி மேலே இருந்தது.

ட்ரில் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கேட்டுக்காரரைப் பார்த்தேன். இறக்குங்கள் என்று சைகை காட்டினேன். அது வீண் என்று எனக்கே தெரியும். குப்பத்து ஜனம் கொடியைப் பார்த்துவிட்டது. ஆலை ஜனமும் பார்த்துவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சத்தம் நின்றது. கூச்சலைவிட அது மோசம். சுண்ணாம்புக் கோட்டில் இருந்த கட்டைவிரல்கள் கோட்டைத் தாண்டியிருந்தன.

அவரிடம் நடந்து போனேன். ஐம்பது தப்படி இருக்கும். அவ்வளவு நீளமான நடையை நான் பிறகு நடந்ததில்லை.

"அண்ணே, எறக்குங்கண்ணே. வேலை போயிடும்."

"தப்பாத் தூக்கிட்டேன்னு நீ சொல்லு சார்," என்றார் மெல்லிய குரலில். "நீ கிட்டக்க இருந்த. நான் எட்டக்க இருந்தேன். கையில படல, நீதான் தப்பாப் பாத்துட்டன்னு ஒரு வார்த்த சொல்லு. இப்பவே எறக்கிடறேன்."

நல்ல யோசனை. ஒரே ஒரு வார்த்தை. வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் அந்தக் கொடியைக் கவனித்தேன். சித்திரை மாதத்துப் புழுக்கம், ஓர் இலை அசையவில்லை. கொடி ஆடிக்கொண்டிருந்தது. கொடியிலிருந்து கம்புக்கும், கம்பிலிருந்து கைக்கும் பார்வையை இறக்கினேன். கை ஆடிக்கொண்டிருந்தது. காக்கி டவுசருக்குக் கீழே முழங்கால்கள் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. குப்பத்தில் படகுக் கோலுக்கு முன்னால் நின்றபோதும் இப்படித்தான் ஆடியிருக்க வேண்டும். அன்று நான் கண்களை மூடிக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்கு பயமா இருக்கா?" என்றேன். கேட்க வேண்டிய நேரமா அது?

"பின்ன? ஊட்ல நாலு பொண்ணு கீது எனுக்கு. சீக்கிரம் எதுனா ஒண்ணு சொல்லு சார். கை வலிக்குது."

நான் ஷாமியானாவைப் பார்க்காமல் விசிலை ஊதினேன். கோல் செல்லாது என்று கை காட்டினேன். கொடி இறங்கியது. இறங்கிய அதே நொடியில் முதல் கல் வந்தது.

இருவரும் ஓடினோம். வேலிகாத்தான் மரத்தடிக்கு எத்தனை தப்படி என்பது எனக்குத் துல்லியமாகத் தெரியும். சரியாகப் போய்ச் சேர்ந்தேன். சைக்கிள் இல்லை. சாலையில் ட்ரில் மாஸ்டர் அதன் மேல் குனிந்து மிதித்துக்கொண்டு, ஏற்கெனவே ஒரு புள்ளியாகிக்கொண்டிருந்தார். பூட்டுப் போடாமல், சாலையைப் பார்த்து, பெடலை மேலே வைத்து நிறுத்தியிருந்தேன் அல்லவா? அவருக்கு ஒரு சிரமமும் இருந்திருக்காது.

தண்டவாளத்தை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் கேட்டுவரை அரை மைல் ஓடினோம். பின்னால் சாலையில் ஆலை லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. கேட்டில் அன்று டியூட்டியில் இருந்தது மாற்று ஆள், ஓர் இளைஞன். எங்களைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டு கேட்டை மூடச் சக்கரத்தின் பிடியில் கை வைத்தான்.

"டேய்!" என்று கத்தினார் கேட்டுக்காரர். "ஸ்டேசன்லேர்ந்து சேதி வந்துச்சா?"

"இல்ல நைனா. லாரி வருதே..."

"லாரி வந்தா தொறந்து வுடணும். ரயிலு வந்தாத்தான் மூடணும். எடு கைய."

நான் அவர் காலில் விழாத குறை. "அண்ணே, அடிச்சே கொன்னுடுவாங்க. இந்த ஒரு தடவை மூடுங்கண்ணே!"

"வண்டி இல்லாம எப்படி சார் மூடறது?" என்றார். கோபமில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். "நீ உள்ள போய் பானைக்குப் பின்னால குந்திக்கோ."

"யாராவது கேட்டா நான் இங்கே இல்லேன்னு சொல்லுங்க."

தலையைச் சொறிந்தார். "கேக்காம இருக்கணும்" என்றார்.

கேட்டு அறை நான்கு அடிக்கு ஆறடி. தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். லாரி வந்து தண்டவாளத்தின் மேலேயே நின்றது. ஆட்கள் குதிக்கும் சத்தம். ஒவ்வொரு குதிப்புக்கும் என் உடம்பு ஒரு முறை துள்ளியது.

"இன்னா கேட்டுக்காரே, ரெப்ரி எங்க?"

பானையில் என் மூச்சு பட்டுத் திரும்பி என் முகத்திலேயே அடித்தது.

"கேக்கறேன் இல்ல? இந்தப் பக்கம் வந்தானா?"

"வந்தாரு."

"எங்க கீறான்?"

"உள்ள கீறாரு."

சொல்லிவிட்டார். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அந்த இரண்டு வார்த்தைகளை நான் மறக்கவில்லை. காலடிகள் அறையை நோக்கி வந்தன. கதவு நிலையில் ஒரு நிழல் விழுந்தது. அப்போது என் தலைக்கு மேலே, சுவரில், போன் மணி அடித்தது.

மாற்று ஆள் ஓடி வந்து எடுத்தான். "வண்டி வருது நைனா! கூட்ஸு!"

அதற்குப் பின் வெளியே கேட்ட குரல், முழங்கால் ஆடியவருடையது என்று நம்ப முடியாது.

"டேய், எவன்டா அவன் லாரிய ரயில்ரோட்டுமேல வுட்டது? லைன்ல நிக்குது பாரு! எடுடா! வண்டி வருதுன்றேன், எடு!"

டிரைவர் முயன்றான். லாரி இருமியது, கிளம்பவில்லை.

"இன்னா வேடிக்க பாத்துக்கினு நிக்கறீங்க? தள்ளுங்கடா! டேய் கிரேனு, முன்னால போ! கல்ல கீழ போட்டுட்டுத் தள்ளுடா, பேமானி!"

எங்களைக் கொல்ல வந்தவர்கள், தினமும் காலை ஷிஃப்டுக்குப் போகும்போது இதே கேட்டில் இதே குரலுக்கு ஒதுங்கி நின்று பழகியவர்கள். பழக்கம் கோபத்தைவிட வேகமாக வேலை செய்தது. கற்களைக் கீழே போட்டார்கள். முப்பது பேரும் தோள் கொடுத்து, "ஏலே, ஏலே" என்று லாரியைப் பின்னால் தள்ளினார்கள். கேட்டு மூடப்பட்டது. அறைக்கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். கேட்டுக்காரருக்கு அன்று டியூட்டி இல்லை. ஆனாலும் பச்சைக் கொடியை விரித்துப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றார். கூட்ஸ் வண்டி மெதுவாக வந்தது. பயத்தில் பெட்டிகளை எண்ண ஆரம்பித்தேன். நாற்பதுவரை எண்ணினேன். பிறகு மூச்சு சீரானது, எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

வண்டி போனதும் எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. கிரேன் அறைக்குள் வந்தான், தண்ணீர் குடிக்க. பானைக்குப் பின்னால் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் சட்டை முழுக்க லாரியின் அழுக்கு.

"இன்னா சார், அங்கயே குந்திக்கினுகீற. ஒரு லோட்டா மொண்டு குடு."

மொண்டு கொடுத்தேன். பாதித் தண்ணீர் லோட்டாவிலிருந்து தரையில் சிந்தியது. குடித்துவிட்டு வாயைத் துடைத்தான்.

வாசலில் நின்ற கேட்டுக்காரர் கேட்டார். "சொல்லு கிரேனு. கையில பட்டுச்சா, இல்லியா?"

கிரேன் தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். "பட்டுச்சு நைனா. நீ பாக்காத மாதிரி இருந்திருக்கலாம் இல்ல? ஒரே பேஜாரு உன்னோட."

லாரியைத் தள்ளிக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். ஆட்டம் பாதியில் நின்றது நின்றதுதான். கோப்பை ஆலை ஆபீஸ் கண்ணாடி அலமாரியில் கடைசிவரை பெயர் பொறிக்காமலே இருந்தது. ட்ரில் மாஸ்டர் சைக்கிளை மறுநாள் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். "பத்திரமா இருக்கட்டுமேன்னுதான் சார் எடுத்துக்கினு போனேன்" என்றார். திங்கட்கிழமை மேனேஜர் மேஜையில் என் பேப்பர் இல்லை. அடுத்த திங்கட்கிழமை டைம் ஆபீஸில் நானும் இல்லை.

குழந்தை பிறந்து இரண்டு மாதம் கழித்து, சென்னையில் ஒரு பத்திரிகையில் விளையாட்டுச் செய்தி எழுதும் வேலை கிடைத்தது. விளையாட்டைக் கோட்டுக்கு வெளியே நின்று பார்ப்பதற்குச் சம்பளம் தருவார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. என் மாமனார் வீடு கேட்டுக்கு வடக்கே இருந்தது. அங்கே குடியேறி, தினமும் காலை பாசஞ்சரில் சென்னைக்குப் போய் வந்தேன். விதிப்படி, வண்டி கடக்கும்போது கேட்டுக்காரர் வெளியே வந்து கொடி காட்டி நிற்க வேண்டும். அவர் பார்வை சக்கரங்களின் மேல் இருக்க வேண்டும். பயணிகளைப் பார்க்கக் கூடாது. நான் ஜன்னலிலிருந்து கையை ஆட்டுவேன். எட்டு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் என்னை நிமிர்ந்து பார்த்ததில்லை.

ஆனால் என் பெட்டி அவரைக் கடக்கும்போது மட்டும் அந்தப் பச்சைக் கொடி ஓர் அங்குலம் கீழே இறங்கி மறுபடி மேலே ஏறும். அது எனக்காகத்தானா என்று அவரிடம் ஒரு முறை கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடுகிற மனிதர். எனக்கு பயமாக இருந்தது.